நாசிக்: காலை கோதாவரிக்கு, மாலை திராட்சைக்கு

ஒயினுக்காக நாசிக் போகிறவர்களில் பலர் நாசிக்கைப் பார்ப்பதே இல்லை. சனிக்கிழமை காலை மும்பையிலிருந்து கிளம்பும் கார், ஊருக்குள் நுழையாமல் கங்காபூர் பக்கம் திரும்பிவிடும். ஓர் ஒயினரியில் சுவை பார்ப்பார்கள், அடுத்ததில் சாப்பிடுவார்கள், மூன்றாவதில் படம் எடுத்துக்கொள்வார்கள், ஞாயிறு மாலை திரும்பிவிடுவார்கள். நம் பக்கத்திலிருந்து போகும் யாத்திரை வேன்களின் கதை வேறு. சீரடி, பஞ்சவடி, திரியம்பகேசுவரர் மூன்றையும் முடித்துக்கொண்டு அவை திரும்பும்போது, இந்திய ஒயினில் பெரும்பங்கு விளையும் தோட்டங்கள் சில கிலோமீட்டர் தள்ளி இருப்பது வேனில் இருப்பவர்களுக்குத் தெரிந்தே இருக்காது. இரண்டு தரப்புக்கும் பாதி ஊர்தான் கிடைக்கிறது. முழு ஊரையும் பார்க்க மூன்று நாள் ஒதுக்கக்கூடியவர்களுக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம்.

முதலில் ஒரு விதி. காலை நேரத்தை ஊருக்கும் ஆற்றுக்கும் கொடுங்கள். மூன்று மணிக்கு மேல் தோட்டத்துக்குப் போங்கள். ஒரு நாளைக்கு ஓர் ஒயினரி போதும், மிஞ்சினால் இரண்டு. நாசிக்கின் நல்ல சாப்பாடும் கடைத்தெருவும் படித்துறையும் முற்பகலில்தான் உயிரோடு இருக்கும். திராட்சைத் தோட்டத்துக்கோ உச்சிவெயில் ஆகாது, சாயும் வெயிலில்தான் அது அழகு. அதோடு, மூன்றாவது ஒயினரிக்குப் போய்ச் சேரும்போது நாக்கு மரத்துப் போயிருக்கும். அங்கே எது ஊற்றினாலும் ஒன்றாகத்தான் தெரியும்.

எந்த மாதம்

ஐரோப்பாவில் திராட்சைக்கொடி குளிர்காலத்தில் உறங்கி வசந்தத்தில் துளிர்க்கிறது, அறுவடை செப்டம்பர், அக்டோபரில். நாசிக்கில் கொடி உறங்குவதே இல்லை. அதனால் விவசாயிகள் ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். அறுவடை முடிந்து ஏப்ரல் வாக்கில் செய்யும் கவாத்து, கொடியில் புதுக்கிளை வளர்வதற்காக. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் செய்யும் கவாத்து பழத்துக்காக, அதன் பிறகு வரும் துளிரில்தான் பூவும் பிஞ்சும். பழம் முற்றுவது டிசம்பர், ஜனவரியில். பகல் வெயில் பழத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது, இரவுக் குளிர் புளிப்பு குறையாமல் காக்கிறது. தக்காணத்தின் மேட்டில், ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் பனிக்கால இரவுகள் பத்து டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து நிற்கும் பழம் இல்லாமல் ஒயின் இல்லை. நாசிக் ஒயின் ஊர் ஆனதற்குக் காரணம் அந்தக் குளிர் இரவுகள்.

ஆகவே ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை போவது சிறந்தது. வெள்ளை ஒயினுக்கான பழத்தை முதலில் பறிப்பார்கள், சிவப்புக்கானது பின்னால் வரும். பிப்ரவரி முதல் பாதியில் போனால் இரண்டையும் பார்க்க வாய்ப்பு உண்டு. பழம் நசுக்கும் இயந்திரம் ஓடும், புளித்துப் பொங்கும் சாற்றின் மணம் கட்டடம் முழுக்க நிற்கும். ஒயினரி என்பது ஒரு தொழிற்கூடம் என்பது அந்த வாரங்களில்தான் புரியும். ஸ்வெட்டர் கட்டாயம். சென்னையிலும் மதுரையிலும் அதற்கு வேலை இல்லாததால் பெட்டியில் வைக்க மறந்துவிடுவார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் கொடி பச்சையாக இருக்கும், ஆனால் பழம் இருக்காது. அந்த மாதங்களில் திரியம்பக், இகத்புரி மலைகளில் அருவிகள் இறங்கும், பார்வைக்கு அதைவிட அழகான பருவம் இல்லை. அக்டோபரில் போனால் கவாத்து முடிந்த மொட்டைக் கொடிகளைத்தான் பார்ப்பீர்கள். ஏப்ரல், மே வேண்டாம்.

தேதி குறிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். மகாராஷ்டிரத்தில் மதுவிலக்கு நாட்களில் ஒயினரியிலும் ஊற்ற மாட்டார்கள். அறுவடைக் காலத்தின் நடுவிலேயே ஜனவரி 26, ஜனவரி 30 என்று அப்படி இரண்டு நாட்கள் வருகின்றன. தேர்தல் வந்தால் அந்த நாட்களும் சேரும். இரண்டாவது எச்சரிக்கை கும்பமேளா. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாசிக்கிலும் திரியம்பகிலும் நடக்கும் சிம்மஸ்த கும்பமேளா கடைசியாக 2015இல் நடந்தது, அடுத்தது 2027இல். முக்கிய நீராடல்கள் ஆகஸ்ட், செப்டம்பரில். அந்த மாதங்களில் ஒயினை மறந்துவிடுங்கள். கும்பத்துக்காகப் போகிறவர்கள் கும்பத்துக்காக மட்டும் போகட்டும். அதற்கு முந்தைய மாதங்களிலும் சாலை வேலைகளுக்காகப் பயணத்தில் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்வது

விமானத்தில் மும்பை, அங்கிருந்து ரயில் அல்லது கார் என்பது தமிழ்நாட்டிலிருந்து எளிய வழி. மும்பை சுமார் 170 கிலோமீட்டர், புனே சுமார் 210. ஓசரில் இருக்கும் நாசிக் விமான நிலையம் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில்தான், ஆனால் எல்லா ஊர்களிலிருந்தும் விமானம் இல்லை. சென்னையிலிருந்து வாரம் ஒருமுறை சீரடி ரயில் உண்டு. சீரடியையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் அதில் போய், தரிசனம் முடித்து, தொண்ணூறு கிலோமீட்டர் சாலையில் நாசிக் வரலாம்.

மும்பையிலிருந்து ரயிலையே பரிந்துரைப்பேன். கசாராவுக்கும் இகத்புரிக்கும் இடையில் தல் காட் மலையேற்றம் இருக்கிறது. இந்தியாவின் அகலப்பாதைகளில் மிகச் செங்குத்தானவற்றுள் ஒன்று அது, 37 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏற்றம். பல ரயில்களுக்குக் கசாராவில் துணை எஞ்சின் சேர்ப்பார்கள். மழைக்காலத்தில் அந்த அரைமணி நேரத்துக்காகவே சன்னலோர இருக்கை கேட்டு வாங்கலாம். நிலையத்தின் பெயர் நாசிக் ரோடு. அது ஊரின் நடுவில் இல்லை, பழைய ஊர் அங்கிருந்து ஒன்பது பத்துக் கிலோமீட்டர். நடுவில் துவாரகா சந்திப்பு இருக்கிறது, மாலையில் அங்கே வண்டிகள் நகராது. திரும்பும்போது ரயிலைத் தவறவிடுபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிடுங்கள்.

ஊருக்குள் ஆட்டோவும் மாநகராட்சியின் சிட்டிலிங்க் பேருந்தும் போதும். ஒயினரிக்கு அவை போதாது. செயலி வழியே பிடிக்கும் கார் உங்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும், இருட்டியபின் அங்கிருந்து திரும்ப வண்டி கிடைப்பது கடினம். அரை நாள் வாடகைக்கு ஓட்டுநரோடு கார் பேசிக்கொள்ளுங்கள். சொந்தக் காரில் வந்தாலும் அந்த மாலைக்கு ஓட்டுநரை ஏற்பாடு செய்யுங்கள், அல்லது அன்று ஒருவர் ஒரு துளியும் தொடாமல் இருக்கட்டும். சுவை பார்க்கத்தானே போகிறோம் என்று நினைக்க வேண்டாம். ஐந்தாறு வகையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாலும் சேர்த்தால் ஒரு முழுக் கோப்பைக்குக் குறையாது. கங்காபூர் சாலை குறுகலானது. இரவில் அதில் விளக்கில்லாத டிராக்டர்கள் வரும்.

தங்க மூன்று பகுதிகள் உண்டு. யாத்ரிகர்களின் தர்மசாலைகளும் எளிய விடுதிகளும் பஞ்சவடியில். காலேஜ் ரோடு, கங்காபூர் ரோடு பக்கம் நடுத்தர ஓட்டல்கள். தோட்டங்களுக்குள்ளேயே இருக்கும் விடுதிகள் விலை கூடியவை, வார இறுதியில் இன்னும் கூடும். இரண்டு இரவு கங்காபூர் ரோட்டிலும் ஓர் இரவு தோட்டத்திலும் என்று பிரித்துக்கொள்வது எனக்குப் பிடித்த ஏற்பாடு. தோட்டத்து இரவு செவ்வாய், புதன், வியாழன் ஒன்றில் அமையட்டும். சனி, ஞாயிறு மும்பைக்கும் புனேக்கும் உரியவை.

காலை

ராம்குண்டத்துக்கு ஏழு மணிக்குள் போங்கள். ஊர்க்காரர்கள் கோதாவரியைக் கங்கை என்றே சொல்வார்கள், படித்துறைக்குக் கங்காகாட் என்று பெயர். இங்கே நீராடவும் வருவார்கள், இறந்தவர்களின் அஸ்தியைக் கரைக்கவும் வருவார்கள். அருகருகே இரண்டும் நடக்கும். காமிராவை உறையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படியில் உட்காருங்கள். சடங்கு செய்ய வேண்டுமானால் என்னென்ன செய்வார்கள், எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கரையில் இரட்டை முகம் கொண்ட ஓர் உயரமான அனுமன் சிலை நிற்கிறது, துதோண்டியா மாருதி என்பார்கள். மழைக்காலத்தில் வெள்ளத்தின் அளவை ஊர் பேசுவது இந்தச் சிலையை வைத்துத்தான். மாருதியின் முழங்கால் வரை வந்துவிட்டது, இடுப்பு வரை வந்துவிட்டது என்றால் ஆற்றை ஒட்டிய சராஃப் பஜாரில் நகைக்கடைக்காரர்கள் சரக்கை மேலே ஏற்றத் தொடங்குவார்கள். புதன்கிழமை போக முடிந்தால் நல்லது, அன்று கரையில் வாரச்சந்தை கூடும். பனிக்காலத்தில் பச்சைக் கொண்டைக்கடலையும் திராட்சையும் சிறு வெங்காயமும் குவிந்து கிடக்கும்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் காலாராம் கோயில். கறுப்புக் கல் ராமர் இருப்பதால் அந்தப் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய கோயிலின் கல்வேலையை நின்று பார்க்க வேண்டும். 1930 மார்ச் 2 அன்று இந்தக் கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டு அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள் என்பதையும் நினைவில் வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் நீண்ட அந்தப் போராட்டத்துக்குக் கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபரில் இதே மாவட்டத்தின் யேவலாவில்தான், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அவர் அறிவித்தார். நாசிக்கின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் சுற்றுலா வழிகாட்டிகள் பலர் சீதா குகையின் கதையைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்கள்.

ஒன்பது மணிக்குப் பசி எடுத்திருக்கும். இனி மிசல். முளைகட்டிய நரிப்பயறைச் சமைத்து, மேலே மிக்சரும் வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, பக்கத்தில் காரக் குழம்பும் பாவும் தருவார்கள். அந்தக் குழம்புக்கு ரஸ்ஸா என்று பெயர், தீரத் தீரக் கேட்டு ஊற்றிக்கொள்ளலாம். கோல்ஹாபூர், புனே, நாசிக் மூன்றும் தங்கள் மிசலே சிறந்தது என்று வாதாடும். நாசிக்கின் தனித்தன்மை, வறுத்து அரைத்த கறுப்பு மசாலா. பஞ்சவடிப் பக்கத்துப் பழைய கடைகளில் அந்தக் கறுப்பு ரஸ்ஸா கிடைக்கும். விறகடுப்பு மிசலுக்குப் பேர்போன சாதனா, கங்காபூர் சாலையிலிருந்து பிரியும் பர்தான் பாட்டா பக்கம் இருக்கிறது. மக்மலாபாத்தில் கிரேப் எம்பஸி என்ற கடையில் திராட்சைத் தோட்டத்துக்குள் உட்கார்ந்தே சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டிலும் காத்திருக்க வேண்டிவரும். பதினொரு மணிக்கு மேல் எந்த நாளிலும் மிசலைத் தேட வேண்டாம், காலையில் கொதித்த ரஸ்ஸாவின் பதம் பிற்பகலில் இருக்காது.

காரம் நமக்குப் புதிதல்ல என்று துணிவோடு உட்காருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இது மிளகாயும் எண்ணெயும் மிதக்கும் காரம். முதல் முறை 'திக்கட் கமி' என்று சொல்லுங்கள், காரம் குறைத்துத் தருவார்கள். கூடவே தயிர் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தி எல்லா இடத்திலும் செல்லும், ஆனால் ஆட்டோக்காரரைத் தாதா என்றும் காய்கறி விற்கும் பெண்ணைத் தாயீ என்றும் மூத்தவராக இருந்தால் மாவ்ஷி என்றும் கூப்பிட்டுப் பாருங்கள். நம் ஊரில் அண்ணா, அக்கா, அத்தை என்று கூப்பிடும் அதே உரிமை அங்கேயும் முகத்தை மலர்த்தும்.

மிசலுக்குப் பிறகு புதா ஹல்வாய் கடையின் ஜிலேபி. சாயந்தாரா கடையின் ஜவ்வரிசி வடையை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வயல்களில் ஹுர்டா கிடைக்கும். பால் பிடித்த இளஞ்சோளக் கதிரைத் தணலில் சுட்டு, கையால் கசக்கி உதிர்த்து, காரமான சட்னிப்பொடியோடு தருவார்கள். எந்த ஓட்டல் பட்டியலிலும் இது இருக்காது. உங்கள் ஓட்டுநரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்த வயல் ஒன்று இருக்கும்.

மாலை

சாலையிலிருந்து பார்க்கும்போதே எது சாப்பாட்டுத் திராட்சை, எது ஒயின் திராட்சை என்று பிரித்துவிடலாம். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். சாப்பாட்டுத் திராட்சை பந்தலிலோ, கை விரித்த கம்பங்களிலோ தலைக்கு மேல் படர்ந்திருக்கும். வெயிலில் நிறம் மாறாமலிருக்கக் குலைகளைத் தாளால் சுற்றி வைத்திருப்பார்கள், ஏற்றுமதிக்குப் போகும் பழம் அது. ஒயின் கொடிகள் வேலி போல வரிசை வரிசையாக இடுப்புயரக் கம்பிகளில் நிற்கும். குலை சிறியது, பழம் சிறியது, தோல் தடிப்பு, உள்ளே விதை. மணமும் நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலில் இருப்பதால் அவர்களுக்கு அப்படிப்பட்ட பழம்தான் வேண்டும். கேட்காமல் பறிக்க வேண்டாம். கேட்டால் ஒன்றிரண்டு தருவார்கள், வாயில் போட்டால் நாம் வாங்கித் தின்னும் விதையில்லாத் திராட்சையைவிட இனிப்பு கூடுதலாக இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

முதல் தடவை போகிறவர்கள் சூலாவுக்கே போகலாம். கலிபோர்னியாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ராஜீவ் சாமந்த், குடும்ப நிலத்தில் 1990களின் பிற்பகுதியில் ஒயின் கொடிகளை நட்டார். தாயார் சுலபாவின் பெயரிலிருந்து வந்தது சூலா. 2000இல் முதல் ஒயின் வெளியானது, 2005இல் பொதுமக்களுக்காகச் சுவைக்கும் அறையைத் திறந்தார்கள். சாப்பாட்டுத் திராட்சை மட்டும் போட்டுக்கொண்டிருந்த சுற்றுவட்டார விவசாயிகள் பலர் ஒப்பந்தத்தில் ஒயின் திராட்சைக்கு மாறியது அதன் பிறகுதான். பழம் நசுக்குவதிலிருந்து பீப்பாய் வரை சுற்றிக்காட்டும் ஏற்பாடு இங்கே ஒழுங்காக இருக்கிறது. கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். முன்பதிவு செய்துகொண்டு வார நாளில் போங்கள். அன்றைய கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்று எனக்கு உகந்தது, முடிந்ததும் மாடியில் உட்கார வெளிச்சம் மிச்சமிருக்கும்.

அதே பக்கம் யார்க் இருக்கிறது. 2006இல் ஒரு குடும்பம் தொடங்கிய சிறிய ஒயினரி, 2021இல் சூலாவின் கைக்குப் போனது. கங்காபூர் அணையின் நீரைப் பார்த்தபடி உட்காரலாம். ஒரே மாலையில் இரண்டு ஒயினரி என்றால் சூலாவில் சுற்றிப் பார்த்து, யார்க்கில் உட்காருவது நல்ல வரிசை. இன்னும் உள்ளே கங்காவரேயில் சோமா. இகத்புரிப் பக்கம் சஞ்சேகாவில் குரோவர் ஸம்பாவும், முகணே அணையை ஒட்டிய சிறிய வலோனேயும் இருக்கின்றன. அவை ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவில். தனியாக ஒரு நாள் ஒதுக்காமல், மும்பைக்குத் திரும்பும் வழியில் ஒன்றில் நின்று மதியச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கேட்காமல் போக வேண்டாம்.

சுவைக்கும் அறையில் கூச்சம் தேவையே இல்லை. நாக்குக்குப் பழக்கமில்லாதவர்களே அங்கே அதிகம், ஊற்றுபவர்களுக்கும் அது தெரியும். நுரைக்கும் ஒயினில் தொடங்கி வெள்ளை, ரோஸே, சிவப்பு, கடைசியில் இனிப்பு என்று போவார்கள். கனமானதை முதலில் குடித்துவிட்டால் மென்மையானது நாக்குக்கு எட்டாது என்பதால் இந்த வரிசை. கிண்ணத்தின் காம்பைப் பிடியுங்கள், கை சூடு ஒயினுக்கு ஏறக்கூடாது. முதலில் முகருங்கள், சுழற்றி மறுபடி முகருங்கள். சோவினியான் பிளாங்கில் கொய்யாவும் அப்போது வெட்டிய புல்லும் மணக்கிறதா என்று பாருங்கள். ஷிராஸில் மிளகு கிடைக்கும். புத்தகத்தில் எழுதியிருக்கும் மணங்கள் உங்களுக்குக் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், உங்கள் மூக்குக்கு நாவல்பழமோ புளியோ தோன்றினால் அதையே சொல்லுங்கள். பிடிக்காததை அங்கே வைத்திருக்கும் வாளியில் ஊற்றிவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் தண்ணீர் குடியுங்கள், அன்று சென்ட் அடித்துக்கொள்ளாதீர்கள்.

நாசிக் மண்ணில் நன்றாக வருபவை வெள்ளைகள் என்பது என் முடிவு. குறிப்பாகச் சற்றே இனிப்பு மிச்சம் வைத்த ஷெனின் பிளாங்க். நம் சாப்பாட்டுக்கும் அதுதான் பொருந்தும். சிவப்பின் துவர்ப்பு மிளகாய்க் காரத்தை மேலும் எரியவைக்கும், குளிர்ந்த ஷெனின் பிளாங்கோ அதைத் தணிக்கும். விலை கூடிய சிவப்பை வாங்குவதற்குமுன் அந்த வெள்ளையை ஒருமுறை காரமான பண்டத்தோடு சேர்த்துச் சுவைத்துப் பாருங்கள்.

ஊற்றுபவரிடம் கேட்க வேண்டிய நல்ல கேள்விகள்: இந்தப் பழம் எந்த மாதம் பறித்தது? சொந்தத் தோட்டமா, ஒப்பந்த விவசாயியா? இந்த ஆண்டு மழை எப்படி? கடைசிக் கேள்விக்குத்தான் நீண்ட பதில் வரும். அறுவடைக்கு முன் பருவம் தப்பிப் பெய்யும் ஒரு மழையோ ஆலங்கட்டியோ ஓர் ஆண்டின் உழைப்பை அழித்துவிடும். அந்தக் கவலையைக் கேட்டபின் கிண்ணத்தில் இருப்பதன் மதிப்பு கூடும்.

21 வயது நிறையாதவர்களுக்கு ஊற்ற மாட்டார்கள், அடையாள அட்டை எடுத்துப் போங்கள். குடிக்காத பெரியவர்கள் கூட வந்தால் அவர்களை விடுதியில் விட்டுவிட வேண்டாம். ஒயினரிகளில் நல்ல சாப்பாடும் காற்றும் உண்டு, பழம் நசுக்குவதைப் பார்க்க அவர்களுக்கும் பிடிக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். திரியம்பகேசுவரரை ஒயின் நாளின் மாலையில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனியாக ஒரு காலை வேண்டும்.

அந்தத் தனிக் காலை

திரியம்பக் முப்பது கிலோமீட்டர். பேஷ்வா நானாசாகேப் தொடங்கிய கருங்கல் கோயில், பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களுள் ஒன்று. பின்னால் எழும் பிரம்மகிரியில்தான் கோதாவரி பிறக்கிறது. திங்கட்கிழமையும் சிராவண மாதமும் வரிசை மிக நீளம். கால் வலு உள்ளவர்கள் பிரம்மகிரி ஏறலாம், அரை நாள் ஆகும், கனமழையில் வேண்டாம்.

திரும்பும் வழியில் இல்லை, ஆனாலும் பாண்டவலேணி குகைகளுக்கு வேறொரு காலையில் இடம் வையுங்கள். மும்பை சாலையில் எட்டுக் கிலோமீட்டர் தொலைவு, படியேறிப் போக வேண்டும். பாண்டவர் பெயர் சொன்னாலும் இவை பௌத்தக் குகைகள், இருபத்து நான்கு. மூன்றாம் குகையில், மகன், சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணியின் புகழை முதிய தாய் கௌதமி பாலஸ்ரீ வெட்டுவித்த பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அவன் ஆண்டதாகச் சொல்லும் மலைகளின் பட்டியலில் மலயமும் மகேந்திரமும் உண்டு. தமிழ் வாசகர் அந்த இரண்டு பெயருக்காகவே ஏறலாம். அடிவாரத்தில் தாதாசாகேப் பால்கே நினைவிடம். இந்தியாவின் முதல் முழுநீளப் படத்தை 1913இல் எடுத்த பால்கே பிறந்தது திரியம்பகில்.

பறவை பார்ப்பவர்கள் நிபாட் வட்டத்தின் நாந்தூர் மத்மேஷ்வருக்கு விடியற்காலையில் போங்கள். மகாராஷ்டிரத்தின் முதல் ராம்சர் ஈரநிலம், 2020இல் அறிவித்தார்கள். வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும் மாதங்களும் திராட்சை அறுவடை மாதங்களும் ஒன்றாக அமைந்தது நமக்கு நல்லது. அதே வட்டத்தில் லாசல்காவ் வெங்காயச் சந்தை. இந்தியா முழுவதும் வெங்காய விலை பேசப்படும் இடம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

வாங்குவதும் கொண்டுவருவதும்

பைடணிப் புடவை வேண்டுமானால் யேவலா, எண்பது கிலோமீட்டர். தறியில் கையால் கோத்த முந்தானையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருக்கும். பின்பக்கம் நூல் தொங்கினால் அது கைக்கோப்பு இல்லை. ஊரிலேயே வாங்க, கொண்டாஜியின் சிவ்டா என்னும் அவல் மிக்சர், தாம்பட் ஆளித் தெருவில் செம்புப் பாத்திரங்கள், பிப்ரவரிக்குப் பின் உலர்திராட்சை.

ஒயின் வாங்கும்போது லேபிளில் உள்ள ஆண்டைப் பாருங்கள், அது அறுவடை ஆண்டு. வெள்ளையும் ரோஸேயும் இளசாகக் குடிக்க வேண்டியவை, இரண்டு ஆண்டுக்கு முந்தையதைத் தவிர்க்கலாம். எந்தக் கடையிலும் கிடைக்கும் புட்டியை அங்கிருந்து சுமக்க வேண்டாம், ஒயினரியில் மட்டும் விற்பதை வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் ஒரு மணி நேரம் இருந்தாலே ஒயின் வெந்துவிடும், அதனால் கடைசி நாள் மாலை வாங்கி அறைக்குள் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதி இல்லை, துணிகளுக்கு நடுவில் சுற்றிப் பெரிய பெட்டியில் போட வேண்டும். வெளிமாநில மதுவை எவ்வளவு கொண்டுவரலாம் என்பதற்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி இருக்கிறது, வாங்குவதற்குமுன் உங்கள் மாநிலத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள், ரசீதைப் புட்டியோடு வைத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் அடுக்காமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் படுக்கவையுங்கள். சிவப்பாக இருந்தால் குடிப்பதற்கு இருபது நிமிடம் முன்பு வெளியே எடுத்தால் போதும்.